கொடுத்த எழுத்துகளிலிருந்து ஆங்கிலச் சொற்களைத் தேடிக் கண்டுபிடிக்கும் முறை

கையில் சில ஆங்கில எழுத்துகள் இருக்கின்றன. அவற்றிலிருந்து சொற்கள் வேண்டும். குறுக்கெழுத்துப் புதிராக இருந்தாலும், எழுத்து வில்லைகளைப் பலகையில் அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்க்ராபிள் ஆட்டமாக இருந்தாலும், மாணவர்களுக்கான பயிற்சித்தாளாக இருந்தாலும் தேவை இதுதான். இந்தத் தேவையோடு உட்காருகிறவர்களில் பலர் உடனே எழுத்துகளை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டுப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். அதற்கு முன்பே, தாம் தேடுவது எந்த வகைச் சொல் என்பதை ஒரு நிமிடம் நின்று தீர்மானித்துக்கொண்டால் வேலையில் பாதி அங்கேயே முடிந்துவிடும். ஒவ்வொரு வகைக்கும் தேடும் வழி வேறு. ஒன்றுக்கு உரிய வழியை மற்றொன்றில் கையாண்டால் எவ்வளவு நேரம் செலவிட்டாலும் பலன் கிடைக்காது.

படிப்பதற்கு முன் ஒரு குறிப்பு. ஆங்கில அரிச்சுவடியின் நான்காம் எழுத்தும் இருபதாம் எழுத்தும் தமிழில் எழுதும்போது ஒன்றுபோலத் தோன்றும் என்பதால், நான்காவதை 'டி' என்றும் இருபதாவதை 'டீ' என்றும் இங்கே வேறுபடுத்தி எழுதியிருக்கிறேன்.

எதைத் தேடுகிறோம்?

'இந்த எழுத்துகளைக் கொண்டு அமையும் சொல்' என்பதும் 'இந்த எழுத்துகளைக் கொண்ட சொல்' என்பதும் பேச்சில் ஒன்றுபோலக் கேட்கும். ஆனால் முன்னது, கொடுத்த எழுத்துகளைத் தவிர வேறெதையும் ஏற்காது. பின்னது, கொடுத்த எழுத்துகள் அனைத்தும் உள்ளே இருந்தால் போதும், உடன் எத்தனை எழுத்துகள் வந்தாலும் சரி என்கிறது. சி, எம், எஸ் என்ற மூன்று எழுத்துகளை எடுத்துக்கொள்வோம். இவற்றை மட்டுமே கொண்டு வழக்கமான சொல் எதையும் அமைக்க முடியாது, ஏனென்றால் உயிரெழுத்து ஒன்றுகூட இல்லை. ஆனால் இம்மூன்றும் உள்ளே இருக்கும் சொற்கள் என்று கேட்டால் மியூசிக், மசில், கரிஸ்மா, காஸ்மிக் என்று வரிசையாக வந்து நிற்கும்.

இங்கேயே இன்னொரு பிரிவும் தென்படுகிறது. எம், எஸ், சி என்ற வரிசையிலேயே எழுத்துகள் வர வேண்டும், இடையில் வேறு எழுத்துகள் புகுந்தாலும் பரவாயில்லை என்பது நிபந்தனையானால், மியூசிக், மசில், மொசெய்க் ஆகியவை பொருந்தும். கரிஸ்மா, பெரும்பிளவைக் குறிக்கும் கேஸம், காஸ்மோஸ் ஆகியவை விழுந்துவிடும், ஏனென்றால் அவற்றில் வரிசை சி, எஸ், எம் என்று தலைகீழாக இருக்கிறது. எழுத்துகள் இடைவெளியின்றி ஒட்டியே வர வேண்டும் என்பது அதைவிடக் கடுமையான நிபந்தனை. டபிள்யூ-கே-டபிள்யூ என்ற மூன்றும் ஒட்டி வரும் சொல்லைக் கேட்டால், அன்றாட ஆங்கிலத்தில் நினைவுக்கு வருவது 'ஆக்வர்ட்' என்ற சொல்லும் அதன் கிளைகளும்தான். கடைசியாக, எந்த எழுத்து எந்த இடத்தில் வருகிறது என்பது தெரிந்திருக்கும் வகை ஒன்று உண்டு. குறுக்கெழுத்துப் புதிர் பெரும்பாலும் அந்த வகையைச் சேர்ந்தது.

வகையைத் தீர்மானித்த பிறகு கேட்டே ஆக வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாமா? ஸ்க்ராபிளில் கையில் ஓர் 'இ' வில்லை இருந்தால் ஒரு முறைதான் வைக்கலாம். நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் ஸ்பெல்லிங் பீ புதிரிலோ கொடுக்கப்படும் ஏழு எழுத்துகளில் எதையும் எத்தனை முறையும் பயன்படுத்தலாம். நடுவில் உள்ள எழுத்து கட்டாயம் வர வேண்டும், சொல்லில் குறைந்தது நான்கு எழுத்துகள் இருக்க வேண்டும் என்பவை மட்டுமே வரம்புகள். எல், இ, வி, என் என்ற நான்கு எழுத்துகள் இருக்கும்போது முதல் விளையாட்டில் 'இலெவன்' கிடைக்காது, ஏனென்றால் அதற்கு மூன்று 'இ' தேவை, இரண்டாவதில் கிடைக்கும். இந்த வேறுபாட்டை மறந்துவிட்டுத் தேடுவதால்தான் பலருக்கு இருக்கும் சொல் தெரியாமலும், இல்லாத சொல் இருப்பதாகவும் தோன்றுகிறது.

காகிதத்தில், கையால்

கொடுத்த எழுத்துகளை மட்டுமே கொண்டு சொல் அமைக்கும் வகையை முதலில் பார்ப்போம். ஏழு வெவ்வேறு எழுத்துகளை 5,040 விதமாக வரிசைப்படுத்தலாம். ஏழையும் பயன்படுத்த வேண்டியதில்லை, ஒன்று முதல் ஏழு வரை எத்தனை எழுத்துகளையும் எடுக்கலாம் என்றால் அந்த எண்ணிக்கை 13,699 ஆகிவிடும். இவற்றை ஒவ்வொன்றாக எழுதிப் பார்ப்பது மனிதரால் ஆகிற காரியம் இல்லை. ஆகவே தனித்தனி எழுத்துகளை இடம் மாற்றுவதை விட்டுவிட்டு, ஆங்கிலத்தில் வழக்கமாகச் சேர்ந்தே வரும் எழுத்துத் துண்டுகளை முதலில் கட்டிக்கொண்டு, அந்தத் துண்டுகளை இடம் மாற்றிப் பார்க்க வேண்டும்.

எழுத்துகளை எழுதும் விதமே இதற்கு உதவும். வந்த வரிசையில் நேர்கோட்டில் எழுதினால் கண் அந்த வரிசையையே திரும்பத் திரும்பப் படிக்கும். உயிரெழுத்துகளை ஒரு வரியிலும் மெய்யெழுத்துகளை அதற்குக் கீழே இன்னொரு வரியிலும் எழுதுங்கள். அல்லது எல்லாவற்றையும் வட்டமாக எழுதுங்கள். வட்டத்தில் தொடக்கமும் முடிவும் இல்லாததால் எந்த எழுத்திலிருந்தும் படிக்கத் தொடங்கலாம், எதிரெதிரே உள்ள எழுத்துகளும் கண்ணில் சேர்ந்து படும். 'ஒய்' எழுத்தை எந்த வரியில் வைப்பது என்ற ஐயம் எழும். உயிரெழுத்துகள் குறைவாக இருக்கும்போதெல்லாம் அதை உயிரெழுத்தாகவே கருதுவது நல்லது. ரிதம், ஹிம்ன், மித், காட்டுப்பூனை வகை ஒன்றைக் குறிக்கும் லிங்க்ஸ் போன்ற சொற்களில் ஏ, இ, ஐ, ஓ, யூ ஆகிய ஐந்தில் ஒன்றுகூட இல்லை. உயிரொலியைத் தாங்குவது 'ஒய்' மட்டுமே.

அடுத்து முடிவுகளைத் தேடுங்கள். ஐ-என்-ஜி, இ-ஆர், இ-டி, இ-எஸ்-டீ, எல்-ஒய் ஆகியவை கையிலுள்ள எழுத்துகளில் இருக்கின்றனவா என்று பார்த்து, இருந்தால் அவற்றைத் தனியே எடுத்து வலது ஓரத்தில் வைத்துவிட்டு மிஞ்சியவற்றை மட்டும் கவனியுங்கள். ஆர்-இ, யூ-என், ஐ-என் போன்ற முன்னொட்டுகளை அதேபோல இடது ஓரத்தில் வைக்கலாம். இ, ஜி, ஐ, என், ஆர், எஸ், டீ என்ற ஏழு எழுத்துகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஐ-என்-ஜியை ஒதுக்கினால் ஆர், இ, எஸ், டீ மிஞ்சுகின்றன, அவை 'ரெஸ்ட்' ஆகின்றன, முழுச்சொல் 'ரெஸ்டிங்'. ஏழெழுத்துப் புதிர் இரண்டே அடிகளில் நாலெழுத்துப் புதிராகச் சுருங்கிவிட்டது.

ஆனால் இதே வழி சில நேரம் தேடுபவரைக் கட்டிப்போட்டுவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். மேற்கண்ட எழுத்துகளில் ஆர் எழுத்தை எடுத்துவிட்டு எல் எழுத்தை வையுங்கள். ஐ-என்-ஜி கண்ணைப் பறிக்கிறது. அதை ஒதுக்கினால் எல், இ, எஸ், டீ மிஞ்சுகின்றன. அவற்றிலிருந்து ஐ-என்-ஜியில் முடியும் சொல் எதுவும் வராது. அந்த மூன்றெழுத்தை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டிருக்கும் வரை 'க்ளிஸன்' என்ற சொல் தெரியாது, 'சிங்லெட்' தெரியாது, 'டிங்கிள்ஸ்' தெரியாது. மூன்றும் இதே ஏழு எழுத்துகளால் ஆனவை. ஒன்று இ-என் என்றும், ஒன்று இ-டீ என்றும், ஒன்று எஸ் என்றும் முடிகின்றன. ஒரு துண்டைக் கட்டி இரண்டு மூன்று நிமிடங்களில் எதுவும் கிடைக்கவில்லை என்றால் அதை அவிழ்த்துவிட்டு வேறு துண்டைக் கட்ட வேண்டும். கையால் தேடுவதில் பழகிக்கொள்ள வேண்டியவற்றுள் மிகக் கடினமானது இந்த விட்டுக்கொடுத்தல்தான் என்று நான் கருதுகிறேன்.

மெய்யெழுத்துகளிடையே உள்ள உறவுகளும் வழிகாட்டும். எச் எழுத்து கையில் இருந்தால் அதை முதலில் சி, எஸ், டீ, டபிள்யூ ஆகியவற்றோடு சேர்த்துப் பாருங்கள். கே இருந்தால் அதற்கு முன் சி வருமா என்று பாருங்கள். கியூ எழுத்தை அடுத்து யூ வருவது ஏறக்குறைய உறுதி. 'ச்சீ' என்று ஒலிக்கும் கியூ-ஐ போன்ற சில சொற்கள் மட்டுமே விலக்கு. வி, ஜே ஆகிய இரண்டிலும் முடியும் ஆங்கிலச் சொற்கள் மிகக் குறைவு என்பதால், அவற்றைக் கடைசி இடத்தில் வைத்துப் பார்ப்பதில் நேரத்தைச் செலவிட வேண்டாம். ஒலியை மட்டும் நம்பித் தேடுவதும் வேண்டாம். 'லிஸன்' என்று சொல்லிப் பார்க்கும்போது அதனுள் ஒரு டீ இருப்பதைக் காது அறிவிக்காது.

பயிற்சிக்கு மிகவும் ஏற்ற எழுத்துத் தொகுதி ஒன்றைச் சொல்கிறேன்: ஏ, இ, ஐ, என், ஆர், எஸ், டீ. ஆங்கிலத்தில் மிகுதியாக வரும் எழுத்துகள் ஒன்றாகச் சேர்ந்திருப்பதால் ஏழையும் பயன்படுத்தும் சொற்களே பல உள்ளன. தக்கவைத்துக்கொள்வதைக் குறிக்கும் 'ரிடெயின்ஸ்', விழித்திரைகளைக் குறிக்கும் 'ரெட்டினாஸ்', 'நாஸ்டியர்', 'ஸ்டெயினர்', கொழுப்பில் உள்ள பொருளான 'ஸ்டியரின்' ஆகியவை அவற்றுள் சில. இவை ஒவ்வொன்றையும் எந்தத் துண்டைக் கட்டினால் எட்ட முடியும் என்று பின்னோக்கி யோசித்துப் பாருங்கள். ஆர்-இ முன்னொட்டு முதற்சொல்லைக் கொடுக்கும். ஐ-இ-ஆர் என்ற முடிவு மூன்றாவதைக் கொடுக்கும். எஸ்-டீ என்ற தொடக்கம் கடைசி இரண்டையும் கொடுக்கும்.

எல்லா எழுத்துகளும் உள்ளே இருக்க வேண்டும் என்றால்

இந்த வகையில் துண்டு கட்டும் வழி அவ்வளவாக உதவாது. இங்கே கைப்பிடியாக வேண்டியது, கொடுத்தவற்றுள் மிக அரிதான எழுத்து. ஜே, என், ஒய் மூன்றும் உள்ள சொற்கள் வேண்டுமென்றால் 'என்' எழுத்திலிருந்து தொடங்குவது பயனற்றது, ஏனென்றால் அது பல்லாயிரம் சொற்களில் இருக்கிறது. ஜே உள்ள சொற்களை மட்டும் நினைவுக்குக் கொண்டுவந்து, அவற்றில் மற்ற இரண்டும் இருக்கின்றனவா என்று சரிபார்த்தால் என்ஜாய், ஜர்னி, இன்ஜுரி ஆகியவை விரைவில் அகப்படும். எக்ஸ், எஃப், எல் மூன்றும் கேட்கப்பட்டால் எக்ஸைப் பிடித்துக்கொள்ளுங்கள்: ஃப்ளெக்ஸ், ரிஃப்ளெக்ஸ், இன்ஃப்ளக்ஸ்.

எது அரிது, எது மிகுதி என்பதை நினைவில் வைத்துக்கொள்ள ஸ்க்ராபிள் வில்லைகளே போதும். அந்த விளையாட்டை 1930களில் உருவாக்கிய அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரட் பட்ஸ், நாளிதழ்ப் பக்கங்களில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்தே வில்லைகளின் எண்ணிக்கையை வகுத்தார். நூறு வில்லைகளில் இ பன்னிரண்டு, ஏ ஒன்பது, ஐ ஒன்பது. ஜே, கே, கியூ, எக்ஸ், இசட் ஆகியவை ஒவ்வொன்றுதான். எஸ் மட்டும் நான்கே இருப்பதைப் பார்த்து அது அரிய எழுத்து என்று எண்ணிவிடக் கூடாது. பன்மைச் சொற்களை மிக எளிதாக அமைத்துவிட முடியும் என்பதால் அதன் எண்ணிக்கை வேண்டுமென்றே குறைக்கப்பட்டது.

இடம் தெரிந்த வகைக்கும் அரிய எழுத்து உதவும், ஆனால் அங்கே இருப்பிடம் அதைவிடப் பெரிய துணை. ஐந்தெழுத்துச் சொல்லில் இரண்டாவது எல், மூன்றாவது ஏ, ஐந்தாவது இ என்று தெரிந்திருந்தால் ஃப்ளேம், ஃப்ளேக், க்ளேஸ், ஸ்லேட், ஸ்லேவ் எல்லாம் பொருந்தும். இவற்றோடு, ஆர் எழுத்தும் எங்கோ இருக்கிறது என்ற தகவல் கிடைத்தால், முதலிடத்தில் ஆர் வந்து அடுத்து எல் வரும் சொல் ஆங்கிலத்தில் இல்லாததால் ஆர் நான்காமிடத்தில்தான் இருக்க முடியும். உடனே ஃப்ளேர், க்ளேர் போன்ற இரண்டு மூன்று சொற்களுக்குள் தேடல் சுருங்கிவிடும். 2021 அக்டோபரில் பொதுமக்களுக்கு வெளியான, ஐந்தெழுத்துச் சொல்லை ஊகித்துக் கண்டுபிடிக்கும் வேர்டில் புதிரை ஆடுகிறவர்கள் இதை நன்கு அறிவார்கள். ஊகித்த எழுத்து மஞ்சள் கட்டத்தில் தெரிந்தால், அது அந்த எழுத்து சொல்லில் இருக்கிறது என்பதோடு அந்த இடத்தில் இல்லை என்பதையும் சொல்கிறது. இரண்டாவது செய்தியைக் குறித்துவைக்காமல் விடுவதே அங்கே வாய்ப்புகளை வீணாக்கும் தவறு.

எழுத்துகளை அகர வரிசையில் அடுக்கும் உத்தி

கையால் தேடுவதற்கும் கணினியால் தேடுவதற்கும் பாலமாக அமையும் அழகான உத்தி ஒன்று உண்டு. எந்தச் சொல்லையும் எடுத்து அதன் எழுத்துகளை அரிச்சுவடி வரிசையில் அடுக்குங்கள். 'லிஸன்' என்ற சொல்லின் எழுத்துகளை அடுக்கினால் இ-ஐ-எல்-என்-எஸ்-டீ என்று வரும். 'சைலன்ட்' என்ற சொல்லை அடுக்கினாலும் அதுவே வரும். 'என்லிஸ்ட்', 'டின்ஸல்', 'இன்லெட்ஸ்' ஆகியவற்றுக்கும் அதுவே. அதாவது ஒரே எழுத்துகளால் ஆன எல்லாச் சொற்களுக்கும் சாவி ஒன்றுதான். ஸ்க்ராபிள் ஆட்டக்காரர்கள் இந்தச் சாவியை ஆல்ஃபாகிராம் என்று அழைக்கிறார்கள். தேர்ந்த ஆட்டக்காரர்கள் சாவியைப் பார்த்ததும் சொற்களைச் சொல்லும்படி மனப்பாடம் செய்துவைத்திருப்பதும் உண்டு.

ஒரு சொற்பட்டியலில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் சாவியை ஒருமுறை எழுதிவைத்துவிட்டால், அதன் பிறகு எழுத்துகளை இடம் மாற்ற வேண்டிய தேவையே இல்லை. கையிலுள்ள எழுத்துகளை அடுக்கி, அந்தச் சாவியைப் பட்டியலில் பார்த்தால் போதும். குறைவான எழுத்துகளால் ஆன சொற்களும் வேண்டுமென்றால், கையிலுள்ளவற்றிலிருந்து எழுத்துகளை எடுக்கக்கூடிய எல்லா வகைகளுக்கும் சாவி பார்க்க வேண்டும். ஏழு வெவ்வேறு எழுத்துகளுக்கு அப்படி 127 சாவிகள்தான் உண்டு. முன்பு சொன்ன 13,699 எங்கே, இந்த 127 எங்கே! வரிசை என்பதைக் கணக்கிலிருந்து நீக்கியதால் வந்த சேமிப்பு இது.

கணினியைக் கொண்டு

இணையத்தில் இதற்கென்றே தேடுகருவிகள் ஏராளமாக இருக்கின்றன. அவற்றில் எதைத் திறந்தாலும், அது கேட்பது 'இவற்றை மட்டும்' என்பதா, 'இவை உள்ள' என்பதா, 'இந்த வடிவில்' என்பதா என்று பார்த்துவிட்டு எழுத்துகளை உள்ளிடுங்கள். பலவற்றில் கேள்விக்குறி தெரியாத ஓர் எழுத்தையும், நட்சத்திரக் குறி எத்தனை எழுத்துகளையும் குறிக்கும்.

சொந்தமாகத் தேட விரும்புகிறவர்கள், வரிக்கு ஒரு சொல்லாக உள்ள ஒரு கோப்பை வைத்துக்கொண்டால் போதும். யூனிக்ஸ் வகை இயங்குதளங்கள் பலவற்றில் இத்தகைய கோப்பு 'வேர்ட்ஸ்' என்ற பெயரில் ஏற்கெனவே இருக்கும். அதை எக்ஸெல் தாளில் ஏற்றி, வடிகட்டும் வசதியில் நட்சத்திரம், எம், நட்சத்திரம், எஸ், நட்சத்திரம், சி, நட்சத்திரம் என்று இடையிடையே குறியிட்டுக் கொடுத்தால், அந்த வரிசையில் அம்மூன்று எழுத்துகளும் வரும் சொற்கள் மட்டும் எஞ்சும். வரிசை முக்கியமில்லை என்றால் ஒரே வடிகட்டலில் முடிக்க முயல வேண்டாம். முதலில் ஓர் எழுத்து உள்ளவற்றை வடிகட்டி, கிடைத்ததை மட்டும் தனியே எடுத்து, அதிலிருந்து அடுத்த எழுத்து உள்ளவற்றை வடிகட்டி, இப்படியே தொடருங்கள். கட்டளை வரியில், கோப்பிலிருந்து பொருந்தும் வரிகளைத் தேடித் தரும் கிரெப் நிரலைப் பயன்படுத்துகிறவர்களும் ஒன்றன் வெளியீட்டை அடுத்ததற்குச் செலுத்தி இதையே செய்யலாம்.

கொடுத்த எழுத்துகளை மட்டுமே கொண்டு அமையும் சொற்களுக்கு ரெகுலர் எக்ஸ்பிரஷன், அதாவது தேட வேண்டிய சொல்லின் வடிவத்தைக் குறிகளால் சொல்லும் தேடல் வாய்பாடு, எழுதுகிறவர்கள் வழக்கமாக ஒரு குழியில் விழுகிறார்கள். சதுர அடைப்புக்குறிக்குள் ஏ, இ, ஐ, என், ஆர், எஸ், டீ என்று கொடுத்து, சொல்லின் தொடக்கம் முதல் முடிவு வரை இவற்றைத் தவிர வேறெதுவும் கூடாது என்று எழுதினால், 'என்டர்டெய்ன்' வரும், 'நைன்டீன்' வரும், 'அஸாஸின்' என்ற சொல்லும் வரும். இவற்றில் எழுத்துகள் திரும்பத் திரும்ப வருகின்றன. எத்தனை முறை என்பதை அந்த அடைப்புக்குறி கவனிப்பதில்லை. ஸ்பெல்லிங் பீ போன்ற புதிருக்கு இது மிகப் பொருத்தம், ஸ்க்ராபிளுக்குத் தவறு. ஸ்க்ராபிளுக்கு வேண்டுமானால் ஒவ்வொரு சொல்லிலும் ஒவ்வோர் எழுத்தும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணி, அந்த எண்ணிக்கை கையிலிருப்பதைவிட எந்த எழுத்திலும் கூடாமல் இருக்கிறதா என்று ஒப்பிட வேண்டும். பைத்தான் மொழியில் கவுண்டர் என்ற வசதி இந்த எண்ணிக்கையை ஒரே வரியில் எடுத்துத் தரும்.

தேடத் தொடங்கும் முன் கோப்பிலுள்ள எல்லாவற்றையும் சிறிய எழுத்துகளாக மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் பெரிய எழுத்தில் தொடங்கும் சொற்கள் பொருத்தத்திலிருந்து தப்பிவிடும். ஊர், ஆள் பெயர்கள் வேண்டாம் என்றால் மாற்றுவதற்கு முன்பே அவற்றை நீக்கிவிட வேண்டும், ஏனென்றால் மாற்றிய பிறகு பெயரையும் பொதுச்சொல்லையும் பிரித்தறிய வழியில்லை.

எந்தச் சொற்பட்டியல் என்பதும் முடிவை மாற்றும். 2019இல் வெளியான காலின்ஸ் ஸ்க்ராபிள் பட்டியலில் 2,79,496 சொற்கள் உள்ளன. அவற்றில் ஈரெழுத்துச் சொற்கள் மட்டுமே 127. வட அமெரிக்காவில் ஆடப்படும் பட்டியல் இதைவிடச் சிறியது. போட்டிக்கு ஆடுகிறவர் தமது போட்டியின் பட்டியலையே பயன்படுத்த வேண்டும். மாணவர்களுக்குப் பயிற்சித்தாள் தயாரிக்கிற ஆசிரியருக்கோ இந்தப் பெரிய பட்டியல் இடைஞ்சலாகத்தான் இருக்கும். யாரும் கேள்விப்படாத சொற்கள் நூற்றுக்கணக்கில் வந்து, தேவையான பத்துச் சொற்களை மறைத்துவிடும். அவர் அன்றாடச் சொற்களைக் கொண்ட ஒரு சிறிய அகராதியிலிருந்து தொடங்குவதே நல்லது.

கிடைத்த சொல்லை எழுதிக்கொள்வதற்கு முன், அதன் ஒவ்வோர் எழுத்தையும் கையிலுள்ள எழுத்துகளோடு ஒப்பிட்டு ஒன்றொன்றாக அடித்துப் பாருங்கள். கையால் தேடும்போது ஓர் 'இ'யை அறியாமலே இருமுறை பயன்படுத்திவிடுவது மிக எளிதில் நேரும் பிழை. கண்ணால் பார்த்துச் சரி என்று விட்டுவிட்டால் அது தப்பிவிடும், பேனாவால் அடித்தால் தப்பாது. நெடுநேரம் தேடியும் ஒன்றும் வரவில்லை என்றால், புதிரிலிருந்து எழுத்துகளைச் சரியாகப் பார்த்து எழுதினோமா என்பதையும் ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.